பொடியா பேஸ்ட்டா, காலையா ராத்திரியா: ஒரு குடும்பத்தின் பல் கணக்கு

மகளுக்கு எட்டு வயது. போன வருடம் ஒரு நாள் கடைவாய்ப் பக்கம் வலிக்கிறது என்றாள். பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும் என்று கிராம்புத் தைலம் தொட்டு வைத்தேன். வலி நிற்கவில்லை. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, "இது பால்பல் இல்லைம்மா, நிரந்தரப் பல்" என்றார். ஆறு வயது வாக்கில், பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைத்து வரும் முதல் கடைவாய்ப்பல் அது. பல் விழுந்தால்தான் நாம் வாயைப் பார்க்கிறோம். எதுவும் விழாததால் இது முளைத்ததே எங்களுக்குத் தெரியவில்லை. ஆயுள் முழுக்க உழைக்க வேண்டிய பல்லில் இரண்டு வருடத்துக்குள்ளேயே ஆழமான சொத்தை. நல்லவேளை, அடைத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து பேசினோம். வீட்டில் ஐந்து பேர், ஐந்து விதம். அத்தை விரலில் சிவப்புப் பல்பொடி தொட்டுத் தேய்ப்பார், சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை போடுவார். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அரை நிமிடம் பிரஷ் பிடிப்பார். நானும் அப்படித்தான். மகள் தானாகவே தேய்த்துக்கொள்வாள், நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை. மூன்று வயதுப் பையன் பேஸ்ட்டைச் சப்பிச் சாப்பிட்டுவிட்டு பிரஷ்ஷைக் கீழே போடுவான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. கையில் இருக்கும் பணமும் ஓர் அளவு, பொறுமையும் ஓர் அளவு. எதை மாற்றினால் அதிகப் பலன், எது இந்த வீட்டில் நிலைத்து நிற்கும் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டோம். கடைசியில் அதிகம் கைகொடுத்தவற்றில் பாதிக்குமேல் காசே கேட்காதவை. அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

காலையா, ராத்திரியா?

எழுந்ததும் பல் விளக்கிவிட்டுத்தான் காபி என்று வளர்ந்தவர்கள் நாம். நல்ல வழக்கம்தான், அதை விட வேண்டியதில்லை. ஆனால் சொத்தைக்கு எதிரான சண்டை ராத்திரியில்தான் நடக்கிறது. வாயில் உள்ள கிருமிகள், பல்லில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று அமிலம் சுரக்கின்றன. அந்த அமிலம் பல்லின் கெட்டியான மேலோடான எனாமலைக் கரைக்கிறது. பகலில் எச்சில் ஊறி அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களை ஓரளவு திருப்பித் தருகிறது. தூங்கும்போது எச்சில் சுரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்ட தோசையும், படுக்கும்போது குடித்த சர்க்கரைப் பாலும் விடியும்வரை காவலில்லாத பல்லில் இருக்கும்.

ஆகவே நாளைக்கு இரண்டு முறை என்பதுதான் சரியான விடை. ஒருமுறைதான் முடியும் என்று அடம்பிடிக்கும் வீட்டில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், தயங்காமல் ராத்திரி என்பேன்.

இதை நிலைநிறுத்துவதுதான் பெரும்பாடு. "படுக்கும் முன் பல் தேய்க்கணும்" என்று முதலில் சொல்லிப் பார்த்தோம். படுக்கும் நேரத்தில் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள், நாமும் சோர்ந்திருப்போம். இரண்டு வாரத்தில் விட்டுப்போயிற்று. அப்புறம் நேரத்தை முன்னால் நகர்த்தினோம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிற கையோடு எல்லோரும் பல் தேய்ப்பது, அதற்கப்புறம்தான் பாய் விரிப்பது. பால் குடிப்பவர்கள் சாப்பாட்டோடு குடித்துவிட வேண்டும். பல் தேய்த்தபின் தண்ணீர் மட்டும். இந்த வரிசை மாற்றம் ஒன்றுதான் எங்கள் வீட்டில் கடைசிவரை நின்றது.

கொப்பளிப்பதிலும் ஒரு மாற்றம். சொம்புத் தண்ணீர் தீரும்வரை கொப்பளித்தால்தான் நமக்குத் திருப்தி. ஆனால் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் என்றால், நுரையை நன்றாகத் துப்பிவிட்டு அப்படியே விடுவதுதான் நல்லது. தண்ணீர் விட்டு அலசினால் பல்லில் தங்கி வேலை செய்ய வேண்டிய மருந்தையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறோம். முதல் சில நாள் வாய் ஒருமாதிரியாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

குச்சி, பொடி, பிரஷ்

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதை எல்லோரும் சொல்கிறோம். அதில் வரும் வேல் வேப்பமரம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது கருவேல மரம். குச்சியை நன்றாக மென்று நார் நாராக்கி மென்மையாகத் தேய்த்தால் அழுக்கு போகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பல்லின் உட்பக்கத்துக்கும் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்துக்கும் குச்சியைக் கொண்டுபோவது கடினம். அவசரமாக அழுத்தினால் ஈறு கிழியும். அந்தக் காலத்தில் வயல் வரப்பில் நடந்தபடி கால் மணி நேரம் மென்றவர்களுக்கு இருந்த நிதானம் நமக்கு இல்லை. இப்போதைய தின்பண்டமும் அப்போது இல்லை.

பல்பொடி விஷயத்தில் அத்தையோடு நிறைய வாதம் நடந்தது. பெரும்பாலான பொடிகளில் ஃப்ளூரைடு கிடையாது. சிவப்புப் பொடிகளில் பலவற்றில் நிறத்துக்குக் காவிமண் சேர்ப்பார்கள். சொரசொரப்பான பொடியை வருடக்கணக்கில் தேய்த்தால் எனாமல் தேய்ந்து பல் கூச்சம் வரும். கரியும் செங்கல் தூளும் உப்பும் வெறுமனே போட்டுத் தேய்ப்பது இதைவிட மோசம். பல் வெளுத்த மாதிரி தெரியும், தேய்ந்திருப்பது பின்னால்தான் தெரியும். விரலும் பல்லிடுக்குக்குள் போகாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: பேஸ்ட்டிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. இருந்தும், உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத பொட்டலங்களைச் சந்தையில் இன்றும் பார்க்கிறேன். அவற்றை வாங்கவே வேண்டாம்.

பிரஷ்ஷில் நாங்கள் தேடியது ஒன்றுதான்: நார் மென்மையாக இருக்க வேண்டும். கடினமான நார் பல்லையும் ஈறையும் தேய்க்கும். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது நார் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே, மாற்றிவிடுவது.

பேட்டரி பிரஷ் வாங்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட தொகுப்பு இதை அலசியிருக்கிறது. மூன்று மாதத்துக்குமேல் பயன்படுத்தியவர்களுக்கு, சாதாரண பிரஷ்ஷோடு ஒப்பிடும்போது பல் அழுக்கு 21 சதவீதமும் ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைந்தன. நன்மை இருக்கிறது. ஆனால் ஐந்து பேருக்கு வாங்கவும், தலைப்பகுதியை அடிக்கடி மாற்றவும் ஆகும் செலவுக்கு அது எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. கையில் மூட்டுவலி உள்ள முதியவர், கையை நுணுக்கமாக அசைக்க முடியாத பிள்ளை இருக்கும் வீடென்றால் அவர்களுக்காக மட்டும் ஒன்று வாங்குவது நல்ல முடிவு. அத்தைக்கு விரல் மூட்டுகள் வலிப்பதால் ஒன்று வாங்கினோம். முதல் நாள் அதன் சத்தத்துக்குப் பயந்தார், இப்போது பொடியை மறந்துவிட்டார்.

ஃப்ளூரைடு: தருமபுரிக்காரர்களின் கேள்வி

நான் பென்னாகரம் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வயதுப் பிள்ளைகளில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடும் திட்டும் இருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டே சிரிக்கப் பழகிய தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். எங்கள் மண்ணுக்கு அடியில் உள்ள பாறையிலிருந்து ஃப்ளூரைடு கரைந்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கலப்பதுதான் காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்ததற்கும் இந்தப் பாதிப்பே காரணம்.

அதனால் எங்கள் ஊரில் ஃப்ளூரைடு என்ற பெயரைக் கேட்டாலே பயம். "தண்ணியிலேயே அது இருக்கு, பேஸ்ட்டிலும் எதுக்கு?" என்று அம்மா கேட்பார். ஃப்ளூரைடு இல்லாத மூலிகைப் பேஸ்ட்டை வாங்கிவிடலாமா என்று நானும் ரொம்ப நாள் குழம்பினேன். சொத்தையைத் தடுப்பதில் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளூரைடுக்கு இருக்கும் சான்று வேறு எந்த மூலிகைக்கும் இல்லை. ஃப்ளூரைடு பேஸ்ட்டை உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது. அப்படியிருக்க, எது சரி?

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் தெளிந்தது. இந்தியாவில் பேஸ்ட்டில் ஃப்ளூரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அதாவது 1 கிராம் பேஸ்ட்டில் அதிகபட்சம் 1 மில்லிகிராம். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சொல்லப்படும் அளவு ஓர் அரிசி மணி, சுமார் 0.1 கிராம். முழுவதையும் விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம்தான். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. அதில் 0.25 மில்லிகிராம். இப்போது தண்ணீர்ப் பக்கம் வாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை ஒரு பிள்ளை நாளைக்கு 1 லிட்டர் குடித்தால் 2 மில்லிகிராம் அப்படியே உள்ளே போகிறது. அதே நீரில் வடித்த சோறும் கிண்டிய களியும் தனி. அரிசி மணி அளவு பேஸ்ட் எங்கே, இது எங்கே?

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டியது. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் நெடுக அலையலையாகப் பிதுக்கினால் ஏறக்குறைய 1 கிராம். என் மகன் மாதிரிச் சப்பிச் சாப்பிடும் பிள்ளை காலையும் ராத்திரியும் அதை விழுங்கினால், அந்த ஒரு லிட்டர் கிணற்று நீருக்குச் சமமாகிவிடும். பயம் அர்த்தமில்லாதது என்று சொல்லமாட்டேன். பேஸ்ட்டைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நாம் நகர்ந்துவிடுவதுதான் ஆபத்து.

எனவே எங்கள் முடிவு: ஃப்ளூரைடு பேஸ்ட் இருக்கட்டும், தண்ணீரை மாற்றுவோம். குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீர் மட்டும். அது வராத நாட்களில் ஆர்.ஓ. நீர். ஆழ்துளைக் கிணற்று நீர் குளிக்கவும் துவைக்கவும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது என்பதைப் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். உங்கள் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீர் மாதிரி கொடுத்துப் பரிசோதிக்கலாம். பேஸ்ட்டைப் பற்றி முடிவெடுக்கும் முன் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

தண்ணீரை மாற்றவே முடியாத ஊரில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு என்ன பேஸ்ட் என்பதை மட்டும் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பல்லில் ஃப்ளூரைடு கறை ஏற்படுவது பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில்தான், சுமார் எட்டு வயதுவரை. முளைத்து முடிந்த பல்லில் புதிதாக அந்தக் கறை வராது. பெரியவர்கள் ஃப்ளூரைடு பேஸ்ட்டில் தேய்த்துத் துப்புவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கறை படிந்த பல்லுக்குச் சொத்தை வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு, அதுவும் சரியில்லை. கறை முற்றிக் குழிவிழுந்த பல் சீக்கிரம் சொத்தையாகும்.

மூலிகை என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஃப்ளூரைடு இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. சிலவற்றில் உண்டு. சோடியம் ஃப்ளூரைடு, சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட் என்ற பெயர்கள் சேர்மானப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டியூப்பின் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் இயற்கை, கறுப்பு இருந்தால் கெமிக்கல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். அது டியூப்பை எங்கே வெட்டி ஒட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டும் குறி மட்டுமே.

யார் தேய்த்துவிடுவது?

மகளின் பல் சொத்தையானதற்கு இதுதான் நேரடிக் காரணம் என்று நினைக்கிறேன். "அவளே தேய்ச்சுக்குவா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஏழு எட்டு வயதுவரை கடைவாய்ப் பல்லைச் சுத்தமாகத் தேய்க்கும் கைப்பழக்கம் பிள்ளைகளுக்கு வருவதில்லை. இப்போது காலையில் அவர்கள் பாட்டுக்குத் தேய்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். ராத்திரி மட்டும் நாங்கள் தேய்த்துவிடுகிறோம். பையனை மடியில் சாய்த்து, தலை என் பக்கம் இருக்கும்படி வைத்துக்கொண்டால் கடைசிப் பல்வரை தெரியும். முதல் மாதம் அழுதான். வாய்க்குள் ஒளிந்திருக்கும் இட்லியைத் தேடும் விளையாட்டாக வீட்டுக்காரர் மாற்றியபின் அழுகை நின்றது. கைக்குழந்தைக்கும் முதல் பல் எட்டிப் பார்த்த அன்றே தொடங்கிவிடலாம். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவைக்க மட்டும் வேண்டாம். முன்பற்கள் வரிசையாகக் கரைந்துபோகும்.

தின்பண்டம்: நிறுத்துவதா, நேரம் மாற்றுவதா?

இனிப்பை அடியோடு நிறுத்துவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். ஒவ்வொரு முறை சர்க்கரை வாய்க்குள் போனதும் அரை மணி நேரத்துக்காவது அமிலத் தாக்குதல் நடக்கும். ஆகவே எத்தனை தடவை தின்கிறோம் என்பது எவ்வளவு தின்கிறோம் என்பதைவிடப் பல்லுக்கு முக்கியம். ஸ்வீடனில் 1945 முதல் சில ஆண்டுகள் வீப்பெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான விடுதியில் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உணவோடு சர்க்கரை சாப்பிட்டவர்களைவிட, உணவு வேளைகளுக்கு இடையில் பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்குச் சொத்தை பல மடங்கு வந்தது. சம்மதம் சொல்ல இயலாத நோயாளிகளின் பல்லைக் கெடுத்துத்தான் இதை அறிந்தார்கள் என்பது மனதை வருத்துகிறது.

அதனால் நேரத்தை மாற்றினோம். கடலைமிட்டாயோ பிஸ்கட்டோ மதியச் சோறு முடிந்த கையோடு தின்றுவிடலாம். நாள் முழுக்கக் கொறிப்பது இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் வேர்க்கடலை, கொய்யா, சுண்டல். வெல்லமும் கருப்பட்டியும் உடம்புக்கு நல்லது என்று தாராளமாகக் கொடுக்கிறார்கள். பல்லில் உள்ள கிருமிக்கு அவையும் சர்க்கரைதான். எங்கள் ஊரில் மாங்காய்க் காலத்தில் பிள்ளைகள் புளிப்பிலேயே இருப்பார்கள். புளிப்பு தின்ற உடனே பிரஷ் போட வேண்டாம், இளகியிருக்கும் எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி பொறுக்கலாம்.

வலித்தால் போவதா, வலிக்காமலே போவதா?

வீட்டுக்காரர் முதல் வகை. மூன்று வருடம் முன்பு சின்னதாகக் கருத்தபோதே காட்டியிருந்தால் ஒரே தடவையில் அடைத்திருப்பார்கள். வலித்தபின் போனதால் ரூட் கெனால், அப்புறம் கேப், நான்கு தடவை விடுப்பு. அடைப்பதற்கு ஆகும் செலவைப் போலப் பல மடங்கு. இப்போது வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும், பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்திருக்கிறோம். கையில் காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஏற்கெனவே ஈறு கரைந்த இடத்தை, பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். காரையை விட்டுவைத்தால்தான் பல் உண்மையிலேயே ஆடும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பதிலும் உண்மையில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஈறை இரட்டிப்பாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிரமமாகும்.

அத்தையின் வெற்றிலைதான் இன்னும் முடியாத பேச்சு. அவர் வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, கொஞ்சம் புகையிலை சேர்த்துப் போடுபவர். புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கு மட்டும் போட்டால் ஆபத்தில்லை என்று நினைத்தோம். ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பாக்கையே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. வாய் திறப்பு குறைந்துகொண்டே போகும் நோயும் பாக்கால்தான் வருகிறது. நடுவிரல்கள் மூன்றை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் வைக்க முடியாவிட்டால், இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண் இருந்தால், வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால் உடனே காட்ட வேண்டும். "அறுபது வருஷப் பழக்கம்டி, ஒரே நாளில் விடச் சொன்னா எப்படி?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். முதலில் புகையிலை, பிறகு பாக்கு என்று பேசி முடித்தோம். புகையிலையை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. பாக்கு நாளைக்கு ஆறிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது. அடுத்த மாதம் மகளின் மற்றக் கடைவாய்ப் பற்களின் குழிகளை மூடும் சீலன்ட் பூச்சுக்குப் போகிறோம். அதே நாளில் அத்தையின் வாயையும் காட்டுவதாக முடிவு. டோக்கன் இரண்டு பேர் பெயரிலும் போட்டாயிற்று.